மாணிக்கம்மாளுக்கு வைத்த செய்வினை

தேவயானிக்கு இருப்பே கொள்ளவில்லை. அடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாணியம்பாடி ஃபாயிசா கேட்ட குறிப்பை அன்று பொழுது சாய்வதற்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு வரிகூட உருப்படியாக வரவில்லை.

தேவயானி கதை எழுதுகிறவள். புத்தகத்தில் வருகிற கதை இல்லை, போனில் காதுக்குள் ஓடுகிற கதை. ஒரு ஆப், அதில் நடிகர்கள் குரல் கொடுத்துப் பேசுவார்கள், ஜனங்கள் பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்பார்கள். ஃபாயிசா அந்த ஆப்பில் எடிட்டர். தேவயானிக்கு அதில் மூன்று தொடர்கள் ஓடின, மூன்றும் மந்திர மாயக் கதைகள். மலைக்குக் கீழே சந்தவாசலில் பிறந்தவள், ஜீப் ஓட்டும் பிரகாஷைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, புதூர்நாட்டுக்கும் மேலே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தாள். மலைக்குப் போனால் மனசு அமைதியாகிவிடும் என்று அவளிடம் யாரோ சொன்னார்களாம். சொன்ன புண்ணியவான் இங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மூன்று கதையையும் ஒரே மண்டை எழுதுவதால் ஒரு உலகத்து மந்திரம் இன்னொரு உலகத்துக்குள் புகுந்துவிடுகிறது. கேட்பவர்கள் விடுவார்களா? போன வாரம் மந்திரம் சொன்னவனுக்கு ஞாபகம் போனதே, இந்த வாரம் இவளுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கீழே எழுதிக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

"நாலே கேள்விங்க" என்றிருந்தாள் ஃபாயிசா. "மந்திரம் யாருக்கு வரும். அதுக்கு இன்னா வெலை. வெச்சத எடுக்கறது எப்படி. செய்றவங்கள ஊர் ஜனம் எப்படிப் பாக்குது. மூணு உலகத்துக்கும் பதில் எழுதிப் பக்கத்துல பக்கத்துல வைங்க. எது எதோட கலக்குதுன்னு தெரிஞ்சிடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கல்நாடு என்ற முதல் கதையில் மந்திரம் அரசாங்க வேலை. பரீட்சை எழுதி, அடையாள அட்டை வாங்கி, காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து மந்திரம் போட வேண்டும். மழை வேண்டுமா, மனு கொடு. அங்கே மந்திரவாதியைக் கண்டு ஒருத்தரும் பயப்படுவதில்லை, திட்டிக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். உப்புத்தீவில் யார் வேண்டுமானாலும் மந்திரம் சொல்லலாம், ஆனால் சொன்னால் ஒரு ஞாபகம் அழிந்துவிடும். புயலை நிறுத்தியவளுக்குப் பெற்ற தாயின் முகம் மறந்துபோகும். அதனால் மந்திரக்காரர்களை அங்கே கையெடுத்துக் கும்பிடுவார்கள், பெண் மட்டும் கொடுக்க மாட்டார்கள். மூன்றாவது கதை ஏழுகுடி. அங்கே மந்திரம் ரத்தத்தில் வருவது. வெளியே தெரிந்தால் உயிரோடு கொளுத்துவார்கள். வைத்தவரே எடுத்தால்தான் உண்டு, வேறு யாராலும் ஆகாது.

மூன்றில் ஏழுகுடிக்குத்தான் ஏகப்பட்ட கூட்டம். அதில் வருகிற ராணியின் பெயர் மாணிக்கம்மாள். அந்தப் பெயர் வந்த கதையே தனி.

நிஜ மாணிக்கம்மாள் தேவயானியின் ஓரகத்தி, பிரகாஷின் அண்ணன் கோபால்சாமியின் மனைவி. அடுத்தடுத்த வீடு. கீழே இருந்து வந்த மருமகளை ஊரே ஓரக்கண்ணால் பார்த்தபோது, இவள் ஒருத்திதான் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். தேவயானியின் கதைகளுக்கு அவளைவிடப் பெரிய ரசிகை கிடையாது. புளிக்குக் கொட்டை எடுக்கும்போது போனைச் சத்தமாக வைத்துக்கொள்வாள், வில்லன் வந்தால் அரிவாள்மனையைப் பார்த்தே அவனைத் திட்டுவாள்.

"எம்பேர ஒரு கதையில வைடி" என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். "ஆனா சாவடிக்கக் கூடாது."

"ராணியா வைக்கிறேன்க்கா."

"ராணின்னா இன்னும் சீக்கிரமா சாவடிப்பியே."

சும்மா சொல்லக் கூடாது, விவரமானவள். ராணி அந்த வாரம் சாகத்தான் போகிறாள். அதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று தேவயானிக்கு அதுவேறு ஒரு குடைச்சல்.

சோற்றை இறக்கிவைத்துவிட்டு அவள் டவர் பாறைக்கு ஓடினாள். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை, அங்கே நின்றால்தான் போனில் கோடு ஏறும். ஃபாயிசா எடுத்ததும் குறிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"அது அப்பறம் ஆவட்டும். மொதல்ல இதக் கேளுங்க. மாணிக்கம்மாள் சாவற அத்தியாயம் படிச்சேன். 'மாணிக்கம்மாள் கட்டப்பட்டாள், அவளுக்கு விஷம் கொடுக்கப்பட்டது, அவள் கொல்லப்பட்டாள்.' இன்னாங்க இது, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதறதா? குரல் குடுக்கறவங்களே தூங்கிடுவாங்க. எல்லாம் செயப்பாட்டுவினை. செய்வினையா வைங்க. யாரு கட்டனான், யாரு குடுத்தான், யாரு கொன்னான், அது காதுல வுழணும்."

இது நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்ததுதான். 'அவன் மரத்தை வெட்டினான்' என்றால் செய்வினை. 'மரம் வெட்டப்பட்டது' என்றால் செயப்பாட்டுவினை. செய்தவன் முன்னால் வந்து நின்றால் அது ஒன்று, பின்னால் ஒளிந்துகொண்டால் இது ஒன்று. தமிழ் வாத்தியாருக்கு செய்வினை என்றால் அவ்வளவுதான். ஊருக்குச் செய்வினை என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தேவயானி பாறை மேலேயே உட்கார்ந்து மளமளவென்று வாக்கியங்களைத் திருப்பிப் போட்டாள். மறுபடி ஃபாயிசாவைக் கூப்பிட்டாள். காற்று அடித்த அடியில் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கேக்குதுங்களா? மாணிக்கம்மாளுக்கு எல்லா எடத்துலயும் செய்வினை வெச்சிட்டேன். ஆமாங்க, ஒண்ணு வுடல. இனிமே அவ சாவறது நல்லா இருக்கும்."

பாறைக்குக் கீழே குப்பன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு சேதி தெரிய வேண்டுமென்றால் அவரிடம் கேட்டால் போதும், கேட்காவிட்டாலும் சொல்வார். அவர் அண்ணாந்து பார்த்தார். தேவயானி சிரித்துக் கையாட்டினாள். வழக்கமாக வெற்றிலை வாயோடு பதில் சொல்கிற மனிதர், அன்று வாயைத் திறக்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தேவயானி.

அந்த வாரமே மாணிக்கம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது.

கசாயம் குடித்தாள், போகவில்லை. மாத்திரை போட்டாள், இறங்கி மறுபடி ஏறியது. தலையைத் தூக்க முடியவில்லை, கண் இரண்டும் சிவந்துபோயின. உடம்பைத் துடைத்துவிட்ட தேவயானிதான் அதைப் பார்த்தாள். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. ஊருக்கு வந்த நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நர்ஸ் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"உண்ணிக் காய்ச்சல் மாதிரி கீது. காட்டுல பொதர்ல போனா கடிக்கும், கடிச்சதே தெரியாது. ஒடனே திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. மருந்து குடுத்தா கேக்கற காய்ச்சல்தான். வுட்டா கிட்னி, நொரையீரல்னு எறங்கிடும், அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரகாஷ் ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆனால் ஜீப் வருவதற்கு முன்பே குப்பனின் வாய் வந்து சேர்ந்துவிட்டது.

அதை நம்பி கோபால்சாமி, ஜீப்பைக் காக்க வைத்துவிட்டு, குறி கேட்கப் போய்விட்டு வந்தார். போன இடத்தில், பாறை மேல் கத்தியது, இடுப்பில் வந்த கறுப்பு, எல்லாவற்றையும் இவரே ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். குறி சொன்னவர் கண்ணை மூடித் திறந்து அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். வாயால் வைத்தது. கீழே இருந்து வந்த பெண் வைத்தது. வைத்த வாய்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் உடம்பில் ஊசி பட்டால் உயிர் தங்காது. இதைக் கேட்டுக்கொண்டு வர இந்த மனிதர் மலை ஏறி இறங்கினார் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாணிக்கம்மாள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஊசி போட்டா செத்துடுவேன். எனுக்குத் தெரியும். நான் வரமாட்டேன்."

தேவயானிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். மாணிக்கம்மாளின் மகள் செல்லியின் பையிலிருந்து தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கோபால்சாமி, குப்பன், இன்னும் அக்கம்பக்கத்தார் அங்கே நின்றிருந்தார்கள்.

"மாமா, இதப் பாருங்க. செய்வினைன்னா இலக்கணம். அத்தத்தான் நான் போன்ல சொன்னேன். அது கதையில வர்ற மாணிக்கம்மாள், நம்ம அக்கா இல்ல. இந்தா, பொஸ்தகத்துலயே போட்ருக்குது."

கோபால்சாமி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கொட்டை எழுத்தில் செய்வினை என்று இருந்தது. அவர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். குப்பன் எட்டிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுக்கறாங்களா?"

"ஆமா மாமா, எல்லாருக்கும்தான்."

"செல்லிக்குமா?"

"செல்லிக்கும்தான்" என்றாள் தேவயானி. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. கோபால்சாமி மகளைப் பார்த்த பார்வை அப்படி. மறுநாளிலிருந்து செல்லி பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று ஆயிற்று. விளக்கம் சொல்லப் போய் அந்தப் பெண்ணின் படிப்புக்கும் வேட்டு வைத்தாள்.

உள்ளே மாணிக்கம்மாள் முனகுவது கேட்டது. மூச்சு முன்பைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது.

தேவயானி பாறைக்கு ஓடினாள். உட்கார முடியவில்லை, நின்று பேச முடியவில்லை, பாறை மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தபடியே ஃபாயிசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான்தான வைக்கச் சொன்னேன்" என்றாள் ஃபாயிசா. "யா அல்லா. எங்க வூட்லயும் கண்ணு பட்டா, நஸருன்னு ஓதி ஊதற தண்ணி கீது. ஆனா எங்கம்மா தண்ணியையும் குடிப்பாங்க, டாக்டர்கிட்டயும் போவாங்க. ரெண்டுக்கும் சண்டை இல்ல."

"இங்க சண்டைங்க. எடுத்தாத்தான் ஊசி. வெக்காதத நான் எப்படி எடுக்கறது?"

"உங்க ஏழுகுடியில இன்னா விதி? வெச்சவங்கதான் எடுக்கணும்."

"அது கதை."

"அவங்களுக்கு இல்லையே." ஃபாயிசா பெருமூச்சு விட்டாள். "நான்தான் வெச்சேன், எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. அவங்க ஜீப்ல ஏறிடுவாங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. கதையில ஒருத்தி ஒருதடவ ஒத்துக்கினான்னா, அப்பறம் நாம இன்னா எழுதினாலும் அவ நல்லவளா ஆவ முடியாது. கேக்கறவங்க வுட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பாறையிலிருந்து இறங்கும்போது கால் இரண்டு இடத்தில் சறுக்கியது. ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த பிரகாஷிடம் போய்ச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"வேணாம் தேவி. ஒருதடவ சொல்லிட்டா அவ்ளோதான். நாளைக்கி எவன் வூட்டு மாடு செத்தாலும் நம்ம வாசல்ல வந்து நிப்பானுங்க. நான் அண்ணனக் கெஞ்சிப் பாக்கறேன்."

"கெஞ்சினது போதும். நாலு பேரு சேந்து தூக்கிப் போட்டுனு போலாமா?"

"தூக்கினா அண்ணி பயத்துலயே போய்டுவாங்க. பாத்த இல்ல, தொட்டாலே ஒதறுது."

"அக்கா செத்துட்டா அப்பறம் நீங்க என் மூஞ்சியப் பாப்பீங்களா?"

பிரகாஷ் ஜீப்பின் டயரை உதைத்துப் பார்த்தான். தேவயானிக்கு அதுவே போதுமாக இருந்தது. அவன் அவளை நம்பினான்தான், ஆனால் எத்தனை வருஷத்துக்கு நம்புவான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் விறுவிறுவென்று நடந்துபோய் கோபால்சாமியின் முன்னால் நின்றாள்.

"நான்தான் வெச்சேன் மாமா."

வாசலில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். குப்பன் மட்டும், பார்த்தீர்களா நான் சொன்னேனே என்கிற மாதிரி, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபால்சாமி கையை ஓங்கினார். பிரகாஷ் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அடிங்க மாமா, அப்பறம் அடிங்க" என்றாள் தேவயானி. "மொதல்ல எடுத்துடறேன். கற்பூரம் கொண்டாங்க."

எடுக்கிறேன் என்று சொல்லியாயிற்று, எதைச் சொல்லி எடுப்பது? கல்நாட்டு மந்திரம் மனு நடையில் இருக்கும், அதைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். உப்புத்தீவு மந்திரம் தாலாட்டு மாதிரி இழுக்கும். கற்பூரம் எரிய ஆரம்பித்துவிட்டது. மாணிக்கம்மாளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்துவிட்டார்கள், அங்கேயும் அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கண்கள் தேவயானியின் முகத்திலேயே நின்றன. கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பு செய்த குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

தேவயானி கண்ணை மூடிக்கொண்டாள். செய்வினையை எடுக்க என்ன உண்டு என்று மண்டைக்குள் தேடினாள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், வாய்க்கு வந்தது அதுதான்.

"கட்டு அவிழ்க்கப்பட்டது" என்றாள் உரத்த குரலில். "வைக்கப்பட்டது எடுக்கப்பட்டது. ஏவப்பட்டது திருப்பி அனுப்பப்பட்டது. காய்ச்சல் இறக்கப்பட்டது. மாணிக்கம்மாள் விடுவிக்கப்பட்டாள். மாணிக்கம்மாள் காக்கப்பட்டாள்."

அந்தச் செந்தமிழ் ஊர்க்காரர்களின் முதுகுத்தண்டில் இறங்கியது. யார் அவிழ்த்தது, யார் எடுத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் தானாக நடந்தது போல் இருந்தது. வயசான முத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தேவயானி சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தப் பயமாக இருந்தது, ஏழுகுடி ராணிக்கு எழுதி அடித்த வாக்கியங்களையெல்லாம் நல்ல பக்கமாகத் திருப்பிச் சொன்னாள். கற்பூரம் அணைந்ததும் குனிந்து, மாணிக்கம்மாளின் இடுப்புப் பக்கம் வாயால் ஊதினாள்.

"போய்டுச்சாடி?" மாணிக்கம்மாளுக்குக் குரலே எழவில்லை.

"போய்டுச்சுக்கா. இனிமே ஊசி போட்டா ஒண்ணும் ஆவாது. வெச்சதுல உள்ள புண்ணு ஆயிடுச்சு இல்ல, அதுக்கு மருந்து வேணும். வா."

மாணிக்கம்மாள் தூணை விட்டாள்.

மலைப்பாதை முழுக்க ஜீப் குலுங்கிக்கொண்டே இறங்கியது. கோபால்சாமி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். தேவயானியை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டார். தொடக் கூடாதாம். திருப்பத்தூரில் டாக்டர் பொருக்கைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னிடம் கொண்டுவந்தே இருக்கவேண்டாம் என்று கோபால்சாமியைக் காய்ச்சி எடுத்தார். கோபால்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "எடுக்கறதுக்கு லேட்டாயிடுச்சு சார்" என்றார். டாக்டருக்கு என்ன புரிந்ததோ.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேவயானி நடந்துகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்ன ஆயாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தாள். ஃபாயிசாவின் நான்கு கேள்விகளும் உள்ளே ஓடின. வேண்டாம் என்று தள்ளினாலும் வந்தன. அவள் படைத்த மூன்று உலகத்திலும், நல்லதோ கெட்டதோ, மந்திரம் என்று ஒன்று நிஜமாக இருந்தது. அங்கே வருகிறவன் அரக்கனாகவே இருந்தாலும் தன் கையால் எதையாவது செய்திருப்பான். இந்த மலையில் அப்படியில்லை. இங்கே யாருக்கு மந்திரம் வரும் என்றால், வரும் என்று ஊர் யாரைச் சொல்கிறதோ அவருக்கு. அதற்கு என்ன விலை என்று யோசித்தாள். உப்புத்தீவிலாவது மறந்துபோவது மந்திரம் சொன்னவள்தான். இங்கே அவள் யார் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பரவாயில்லை, அக்கா எழுந்து உட்காரட்டும், அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஊர் எப்படியோ தொலையட்டும். அக்கா ஒருத்திக்குத் தெரிந்தால் போதும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டினாள்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. மாணிக்கம்மாள் இட்லி கேட்டாள், பிறகு காரமாகச் சட்னி கேட்டாள், டாக்டர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பினார்.

ஊருக்குத் திரும்பிய தேவயானிக்கு வரவேற்பு தடபுடல்தான். எதிரே வந்த குப்பன் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் நின்று, கைகட்டி, வணக்கம் சொன்னார். உண்ணி இருக்கிற அதே புதர். குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்த தெரு மங்கம்மாள் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, மருமகன் குடியை விடுவதற்கு எதையாவது வைக்க முடியுமா, ரொம்பப் பெரிதாக வேண்டாம், லேசாக, என்று காதில் கேட்டாள். தேவயானி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏழுகுடி ராணி இன்னும் சாகவில்லை, அந்த அத்தியாயத்தைத் தொடவே அவளுக்குக் கை வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாணிக்கம்மாளே கூப்பிட்டு அனுப்பினாள். தேவயானி ஓட்டமும் நடையுமாகப் போனாள். உள்ளே கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் மாணிக்கம்மாள். பாதி உடம்பாகிவிட்டாள், ஆனால் முகத்தில் தெளிவு வந்திருந்தது. பக்கத்தில் டாக்டர் கொடுத்த மாத்திரை, இன்னும் சில நாளைக்குப் போட வேண்டியது. கோபால்சாமி மூலையில் முறத்தோடு உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"குந்துடி" என்றாள் மாணிக்கம்மாள். "ஒண்ணு கேக்கணும். படுத்துனே அதத்தான் யோசிச்சினு இருந்தேன். ஏன்டி வெச்ச? நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

இத்தனை நாள் இதற்காகத்தானே காத்திருந்தாள்.

"அக்கா, நான் வெக்கல. சத்தியமா வெக்கல. நீ ஜீப்ல ஏறணும்னுதான் அப்பிடிச் சொன்னேன். உன்னைக் கடிச்சது உண்ணி. காப்பாத்தினது மருந்து. நான் எதும் வெக்கவும் இல்ல, எடுக்கவும் இல்லக்கா."

சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. மாணிக்கம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய கை மெதுவாக இடுப்புக்குப் போனது. பொருக்கு உதிர்ந்த தழும்பை விரல் தடவியது.

"நீ வெக்கலையா?"

"இல்லக்கா."

"அப்போ வெச்சது யாரு?"

"யாரும் வெக்கலக்கா, அது வந்து…"

"நீ வெக்கலன்னா நீ எடுத்தது எப்பிடிப் போயிருக்கும்?" மாணிக்கம்மாளின் குரல் உடைந்தது. "அப்போ உள்ளதான் கீது. இன்னும் உள்ளதான் கீது. அத வெச்சினு நான் எத்தினி ஊசி போட்டுக்கினேன்." அவள் மாத்திரைப் பட்டையைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தாள். மூச்சு இரைக்க ஆரம்பித்தது, நெற்றியில் வேர்வை பூத்தது. கோபால்சாமி முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். "கை காலெல்லாம் ஒதறுதுங்க. எனுக்கு அப்பவே தெரியும். சாவப் போறேன்."

தேவயானி எழுந்தாள். கதவு வரை போனாள், திரும்பி வந்தாள். கட்டில் ஓரமாகத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான்க்கா வெச்சேன்."

மாணிக்கம்மாள் நிமிர்ந்தாள்.

"வெச்சுட்டு, இப்ப உன் மூஞ்சியப் பாத்ததும் பயந்து பொய் சொல்லிட்டேன். நான்தான் வெச்சேன். நான்தான் எடுத்தேன்."

"நெசமா?"

"நெசமா."

"முழுசா எடுத்துட்டியா? ஒண்ணும் நிக்கலையே?"

"முழுசா எடுத்துட்டேன்க்கா. ஒண்ணும் நிக்கல."

மாணிக்கம்மாள் தலையணையில் சாய்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு தணிந்தது. கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி?"

கதை கட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"பொறாமைக்கா" என்றாள் கடைசியில்.

"எம்மேலயா? எங்கிட்ட இன்னா கீதுன்னு பொறாமைப்பட்ட?" மாணிக்கம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். பிறகு கையை நீட்டி தேவயானியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "போவுது வுடு. எடுத்தவளும் நீதான. நான் மனசுல வெச்சிக்கல. மன்னிச்சுட்டேன், அழாத."

தேவயானி அழுதாள். பிறகு எழுந்து, சுவரோரம் கிடந்த மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து கட்டிலில் வைத்தாள். ஒன்றைப் பிரித்து மாணிக்கம்மாளின் உள்ளங்கையில் போட்டாள். பக்கத்திலேயே சொம்பு இருந்தது. அதை எடுத்துக் குடத்தில் மொண்டு, அவள் வாயருகே கொண்டுபோனாள்.

மாணிக்கம்மாள் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ குந்துடி. தண்ணி அவரு குடுப்பாரு."

ஜென்மத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் யாருக்கும் மொண்டு கொடுக்காத கோபால்சாமி எழுந்து வந்தார். தேவயானியின் கையிலிருந்த சொம்பை வாங்கி, அதிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்து, குடத்தில் புதிதாக மொண்டு மனைவிக்குக் கொடுத்தார். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு, தேவயானியைப் பார்த்துச் சிரித்தாள்.